றோல்ஸ் சாப்பிட்ட பரீட்சகர்

உங்கள் பிள்ளைக்குப் பரீட்சை நடக்கிற அறைக்கு வெளியே, கேக்கும் றோல்ஸுமாக நீங்கள் எப்போதாவது போய் நின்றிருக்கிறீர்களா?

யாக்கோப்பர் நின்றார். கோட் சூட் போட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் பட்டுச்சேலையில் மனைவி மேரிறோஸ், கையில் அவளே பொரித்தெடுத்த றோல்ஸ் பெட்டி. அவளுக்குப் பக்கத்தில் யாக்கோப்பரின் அண்ணன் யேசுரட்ணம், கையில் கேக் பெட்டி. அவர் நெதர்லாந்திலிருந்து முந்தின நாள்தான் ரயிலில் வந்து இறங்கியிருந்தார்.

போன கிழமை வாசித்தவர்களுக்கு நினைவிருக்கும். மகள் அனோஜினி தகப்பனுக்குப் போனில் தெளிவாகத்தான் சொன்னாள்.

"அப்பா, வைவா எண்டது ஒரு சின்ன அறைக்குள்ள நடக்கிற வாய்மொழிப் பரீட்சை. நானும் ரெண்டு பரீட்சகரும் மட்டும்தான். ஒருத்தரும் வந்து பாக்க ஏலாது."

யாக்கோப்பர் ஓம் ஓம் என்று கேட்டார். போனை வைத்ததும் மேரிறோஸிடம் சொன்னார். "பிள்ளைக்கு எங்களைக் கூப்பிட வெக்கம்."

அவரைப் பிழை சொல்லவும் முடியாது. அவர் இப்படியொரு நாளைத் தன் கண்ணால் பார்த்தவர். அண்ணன் மகள் பிறேமினி நெதர்லாந்தில் டொக்டர் பட்டம் எடுத்தபோது, குடும்பத்தோடு போய் முன்வரிசையில் இருந்தவர். பெரிய மண்டபம். கறுப்பு அங்கியும் தொப்பியுமாகப் பேராசிரியர்கள் வரிசையாக வந்தார்கள். அவர்களுக்கு முன்னால், மணி கட்டிய நீளத் தடியோடு ஒரு பெண். பேராசிரியர்கள் கேள்வி கேட்க, பிறேமினி நின்றபடி பதில் சொன்னாள். நேரம் முடிந்ததும் தடிக்காரப் பெண் வந்து தடியால் நிலத்தில் தட்டினாள். அவ்வளவுதான். பேராசிரியர்கள் எழும்பி வெளியே போனார்கள், திரும்பி வந்து பட்டத்தைக் கொடுத்தார்கள். பிறகு வைனும் போட்டோவும்.

அந்தப் போட்டோ இன்றைக்கும் யேசுரட்ணத்தின் வீட்டு ஹோலில் மாட்டியிருக்கிறது. லண்டனில் இருக்கிற தம்பிக்கு, அங்கே போய் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே எண்ணம்தான். என்ர பிள்ளையின்ர நாள் எப்ப?

அனோஜினிக்கு வேறு கவலை இருந்தது. இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் அவளுக்கு நிரந்தர விரிவுரையாளர் வேலை கிடைத்திருந்தது. செப்டம்பரில் தொடங்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை, அதற்குள் டொக்டர் பட்டம் கையில் இருக்க வேண்டும்.

*

அன்று காலை, லண்டனில் அவர்கள் வீடு இருக்கிற ஸ்ட்ரெதமில் ரயில் ஏறும்போதே மேரிறோஸ் கேட்டாள். "பிள்ளை வரவேண்டாம் எண்டெல்லோ சொன்னவள்?"

"பிறேமினியும் அப்பிடித்தான் சொன்னவள்," என்றார் யேசுரட்ணம். "போனாப்பிறகு எங்களைக் கட்டிப்பிடிச்சு அழுதவள்."

பல்கலைக்கழக வாசலில் அட்டை தட்டினால்தான் திறக்கிற கேற். வரவேற்பு மேசையில் இருந்த இளைஞன் மூன்று பேரையும் பார்த்தான். பிறகு கையிலிருந்த பெட்டிகளைப் பார்த்தான்.

"கேட்டரிங்கா?"

"யெஸ்," என்றார் யாக்கோப்பர்.

"வைவாவுக்கா? நாலாம் மாடி."

கேற் திறந்தது. லிப்டுக்குள் யேசுரட்ணம் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"சமையல்காரர் எண்டு நினைச்சிட்டான்."

"நினைக்கட்டும் அண்ணை. உள்ள விட்டானெல்லே."

"நான் இந்தச் சூட்டைப் பிறேமினியின்ர நாளுக்கெண்டு தைச்சது."

நாலாம் மாடியில் மண்டபம் இருக்கவில்லை. நீள நடை. இரண்டு பக்கமும் கதவுகள், கதவுகளில் பெயர்கள். ஒரு கதவில் மட்டும், பரீட்சை நடக்கிறது, தொந்தரவு செய்யவேண்டாம் என்று தாள் ஒட்டியிருந்தது. நடையில் இருக்க ஒரு கதிரைகூட இல்லை.

"இது பின்பக்கமாக்கும்," என்றார் யேசுரட்ணம். "முன்னால மண்டபம் இருக்கும்."

மேரிறோஸ் கதவில் காதை வைத்தாள். "இல்லை. உள்ள பிள்ளையின்ர குரல் கேக்குது."

*

உள்ளே அனோஜினிக்குத் தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

நடுவில் ஒரு மேசை. எதிரே இரண்டு பேர். ஒருவர் அதே பல்கலைக்கழகத்து விரிவுரையாளர், அதிகம் பேசாதவர். மற்றவர் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஹார்கிரீவ்ஸ். உயரமான மனிதர், மெல்லிய குரல். அவளுடைய ஆய்வேட்டில் சின்ன மஞ்சள் குறிப்புத் தாள்கள் ஒட்டி வைத்திருந்தார். நாலாம் அத்தியாயத்தில் மட்டும் அவை புல்லுப் போல முளைத்து நின்றன.

அவளுடைய ஆய்வு மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றியது. அகதி விண்ணப்ப விசாரணைகளில் அதிகாரிக்கும் அகதியாக வந்தவருக்கும் நடுவில் இருந்து, ஒருவர் சொன்னதை மற்றவரின் மொழியில் சொல்பவர்கள். குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கும் வேறு இடங்களுக்கும் போய் வேலை செய்தவர்களை அவள் தேடிப்பிடித்துக் கதைத்திருந்தாள். ஒரு பக்கம் கேட்டதை மறுபக்கம் சொல்லும்போது எதைக் குறைக்கிறார்கள், எதை மென்மையாக்குகிறார்கள், ஏன்? அதுதான் நாலாம் அத்தியாயம்.

"அருமையான பொருள்," என்றார் ஹார்கிரீவ்ஸ் ஆங்கிலத்தில். "அவர்கள் சொன்னதையெல்லாம் அழகாகத் தந்திருக்கிறீர்கள். எனக்கு ஒரு சின்ன ஆர்வம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

அவள் பதில் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

"மிகவும் சுவாரசியம்," என்றார். அதே கேள்வியை வேறு விதமாகத் திரும்பக் கேட்டார்.

அவள் வேறு விதமாகப் பதில் சொன்னாள். அவர் சிரித்தார். அன்பான சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்து, நல்லாய்ப் போகிறது என்று நினைப்பதா, போச்சு என்று நினைப்பதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இந்தக் கட்டடத்தில் இத்தனை வருடம் படித்தும், வகுப்பெடுத்தும், இங்கே யாராவது சத்தமாக ஒருவரைப் பிழை என்று சொல்லி அவள் கேட்டதில்லை. எல்லாம் சுவாரசியம்தான்.

கடைசியில் ஹார்கிரீவ்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "கொஞ்சம் வெளியே நிற்கிறீர்களா? நாங்கள் இரண்டு பேரும் பேசிவிட்டுக் கூப்பிடுகிறோம்."

இது வழமைதான். பரீட்சகர்கள் உள்ளே பேசுவார்கள், மாணவர் வெளியே நிற்பார், கூப்பிட்டு முடிவைச் சொல்வார்கள். அனோஜினி தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

கைதட்டல்.

அப்பா கை தட்டினார். பெரியப்பா கேக் பெட்டியைத் திறந்து பிடித்திருந்தார். வெள்ளைக் கேக்கில் ரோஸ் நிறத்தில் ஆங்கில எழுத்து: டொக்டர் அனோஜினி. அம்மா ஓடிவந்து கட்டிப்பிடித்தாள்.

"டொக்டர்," என்றார் யேசுரட்ணம், நடை முழுக்கக் கேட்கும்படி. "எங்கட குடும்பத்தில ரெண்டாவது டொக்டர்."

"பெரியப்பா... இன்னும் முடியேல்லை."

"வெளியால வந்திட்டாய்தானே?"

"அவையள் உள்ள கதைக்கினம். மெதுவா."

"பேராசிரியர்மாரெல்லோ எழும்பி வெளியில போகவேணும்? அவையள் உள்ள, நீ வெளியிலயோ?"

"இஞ்ச அப்பிடித்தான்."

"தடிக்காரி எங்க?"

"தடியும் இல்லை, ஒண்டும் இல்லை பெரியப்பா."

யாக்கோப்பர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். கை தானாகவே மெதுவாகி நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் ஒரு கணம் நின்று, திரும்பத் தொடங்கியது.

*

"உட்காருங்கள்," என்றார் ஹார்கிரீவ்ஸ்.

அவர் சொன்னதை அனோஜினி பிறகு எத்தனை தரம் நினைத்துப் பார்த்தாலும் சொற்கள் ஒரே ஒழுங்கில் வரவில்லை. இதில் மெச்ச நிறைய இருக்கிறது. முக்கியமான வேலை. கட்டாயம் புத்தகமாக வரவேண்டும். ஆனால் இந்த நிலையில் பட்டத்துக்குப் பரிந்துரைக்க முடியவில்லை. நாலாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதி, முழு ஆய்வேட்டையும் மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். ஒரு வருடம் தரலாம்.

"அப்படியென்றால் நான் பெயிலா?"

"ஐயோ, இல்லை," என்றார் அவர், பதறிப்போய்.

"பாஸா?"

அவர் மஞ்சள் தாள்களைத் தடவிக்கொண்டார். "இன்னும் இல்லை."

அவள் நன்றி சொன்னாள். ஏன் நன்றி சொன்னாள் என்று தெரியவில்லை. அவர்களும் நன்றி சொன்னார்கள்.

கதவைத் திறந்தபோது மேரிறோஸ் றோல்ஸ் பெட்டியைத் திறந்து கடதாசித் துண்டுகளோடு தயாராக நின்றாள். சூடு ஆறாமல் இருக்க வெள்ளித் தாளில் சுற்றி, அதற்கு மேல் துவாயும் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

ஹார்கிரீவ்ஸின் கண் முதலில் கேக்கில் போய் நின்றது. எழுத்தை வாசித்தார். அவருடைய கழுத்து சிவந்தது. பிறகு சட்டென்று திரும்பி, மேரிறோஸ் நீட்டிய பெட்டியிலிருந்து ஒரு றோலை எடுத்துக் கடித்தார்.

"மிக நன்றாக இருக்கிறது," என்றார். மேரிறோஸ் இன்னொன்றை நீட்டினாள். அதையும் எடுத்தார்.

யாக்கோப்பரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்கள் மகளைப் பற்றி நீங்கள் பெருமைப்பட வேண்டும்."

"தாங்க்யூ, சேர். தாங்க்யூ."

யேசுரட்ணத்துக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. "என்னவாம், பிள்ளை?"

அனோஜினி பெரியப்பாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அம்மா கடதாசித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல வேலையாம்," என்றாள். "புத்தகமா வரவேணுமாம்."

அது அவர் சொன்னதுதான். சொன்னதில் பாதி.

அந்த நேரத்தில்தான் நடையின் மற்றப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு பேராசிரியர் மார்ஸ்டன் வந்தார். அனோஜினியின் ஆய்வை இத்தனை வருடமும் வழிநடத்திய பெண்மணி. நரைத்த குட்டை முடி, கழுத்தில் மூக்குக்கண்ணாடி. ஹார்கிரீவ்ஸோடு இரண்டு சொல் தாழ்ந்த குரலில் பேசினார். கேட்டதும் மார்ஸ்டனின் முகம் மாறியது. பிறகு அனோஜினியின் தோளைத் தொட்டார்.

"நாளைக்குப் பேசலாம்," என்றார்.

மேரிறோஸ் பெட்டியை நீட்டினாள்.

"நன்றி, நான் பிறகு எடுக்கிறேன்," என்று சொல்லிவிட்டு மார்ஸ்டன் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

*

ஸ்ட்ரெதம் வீட்டில் பின்னேரம் தேத்தண்ணி போடும்போது மேரிறோஸ் குசினிக்குள் மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ றெயினுக்குள்ள ஒரு சொல்லுக் கதைக்கேல்லை."

"களைப்பம்மா."

"களைப்பெண்டால் நித்திரை வரும். நீ ஜன்னலைப் பாத்துக்கொண்டிருந்தனி. பாஸோ, இல்லையோ?"

"எனக்கே வடிவா விளங்கேல்லை அம்மா."

"அப்ப இல்லை."

ஹோலில் யாக்கோப்பர் போனைக் காதில் வைத்து மன்னாருக்குக் கதைத்துக்கொண்டிருந்தார். ஓம், டொக்டர்தான். ஓம், ஊசி போடுற டொக்டர் இல்லை, படிச்ச டொக்டர். ஞாயிற்றுக்கிழமை நன்றித் திருப்பலிக்குப் பாதரிட்டச் சொல்லியாச்சு.

"கொப்பர் ஊர் முழுக்கச் சொல்ல முந்திச் சொல்லு," என்றாள் மேரிறோஸ். "பேந்து சொன்னால் அந்த மனுசன் கோயிலுக்கும் போகாது."

அனோஜினி தேத்தண்ணித் தட்டோடு ஹோலுக்குப் போனாள். தட்டை வைத்தாள். தகப்பன் போனை வைக்கும்வரை நின்றாள்.

"அப்பா, நான் இன்னும் டொக்டர் இல்லை."

"பட்டமளிப்பு இருக்குத்தானே. அதுக்குப் பிறகுதானே."

"அதில்லை. திருப்பி எழுதச் சொல்லிட்டினம். இன்னொரு வருசம். வடக்கில கிடைச்ச வேலையும் அனேகமாப் போயிடும்."

யாக்கோப்பர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார்.

"நீ என்ன கதைக்கிறாய்?" என்றார் யாக்கோப்பர். "அந்த மனுசன் என்ர கையைப் பிடிச்சுக் குலுக்கினவர். பெருமைப்படச் சொன்னவர்."

"ஓமப்பா. சொன்னவர்."

"எங்கட றோல்ஸ் சாப்பிட்டவர். பெயில் போட்டவன் அந்தப் பிள்ளையின்ர தாயின்ர கையால வாங்கிச் சாப்பிடுவானோ? எந்த ஊரில சாப்பிடுவான்?"

"ரெண்டாவதும் எடுத்தவர்," என்றாள் மேரிறோஸ் குசினி வாசலில் நின்று.

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

"பெயில் இல்லையப்பா."

"அப்ப பாஸ்."

"பாஸும் இல்லை."

"ரெண்டும் இல்லாமல் என்ன கோதாரி இருக்கு நடுவில?"

அனோஜினிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு யாக்கோப்பர் தாழ்ந்த குரலில் கேட்டார். "அப்ப, வரவேண்டாம் எண்டு சொன்னது எங்களில வெக்கத்தில இல்லையோ?"

"என்னப்பா கதை இது? அங்க உங்களுக்கு ஒரு கதிரைகூட இல்லை. அதாலதான் சொன்னனான்."

"சொன்னனிதான்," என்றார் அவர். "நான்தான் கேக்கேல்லை." கழுத்து ரையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நாங்கள் கை தட்டினது உள்ள கேட்டிருக்குமோ? அதாலயோ?"

"இல்லையப்பா. அதால இல்லை."

அவர் நம்பினாரோ என்று அவளுக்குத் தெரியவில்லை.

யேசுரட்ணம் கோப்பையை வைத்தார். "எனக்கு ஒரு விசயம் சொல்லு பிள்ளை. ஹொலண்டில படிப்பிச்ச புறொபெசர் சரியெண்டு சொல்லாமல் பிள்ளையை மண்டபத்துக்கு விடமாட்டினம். விட்டால் பாஸ்தான். உன்ர புறொபெசர் மனுசி சரியெண்டு சொன்னவவோ?"

அனோஜினி யோசித்தாள்.

"இனி அனுப்பலாம் எண்டு நினைக்கிறன் எண்டவ."

"நினைக்கிறாவோ? சொன்னாவோ?"

"இஞ்ச ரெண்டும் ஒண்டு பெரியப்பா. அல்லது ஒண்டில்லை. எனக்கு இப்ப ஒண்டும் தெரியேல்லை." அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. "கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடேக்க ஒருக்கா சொன்னவ. நாலாம் அத்தியாயத்தை இன்னொருக்காப் பாக்க விருப்பமோ எண்டு. விருப்பமோ எண்டுதான் கேட்டவ. எனக்கு விருப்பமில்லை. களைச்சுப் போயிருந்தனான். இல்லை எண்டன். சரி எண்டிட்டுப் போயிட்டா."

"பாக்கவேணும் எண்டு சொல்லேல்லையோ?"

"இல்லை."

"வாயைத் திறந்து சொல்லுறதுக்கு என்ன?" என்றார் யேசுரட்ணம். "அவவும் உன்னைப் படிப்பிச்ச வாத்திதானே?"

யாக்கோப்பர் நிமிர்ந்தார். "அந்த மனுசி ஒண்டும் தொடேல்லை."

"என்னத்தை?"

"றோல்ஸை. பரீட்சகர் ரெண்டு எடுத்தவர். அவ ஒண்டும் எடுக்கேல்லை. பிறகு எடுக்கிறன் எண்டிட்டுக் கதவைச் சாத்தினவ."

"டயட்டா இருக்கும்," என்றாள் மேரிறோஸ்.

"பிழை செய்தவைக்குத்தான் தொண்டைக்குள்ள இறங்காது."

"அப்ப பெயில் போட்டவருக்கு ரெண்டு இறங்கினது எப்பிடி?" என்று கேட்டாள் மேரிறோஸ்.

மூன்று பேரும் அனோஜினியைப் பார்த்தார்கள், அவளிடம் பதில் இருக்கும் என்று. மற்றவர்கள் சொல்லாமல் விடுவதைப் பற்றி அத்தனை பக்கம் எழுதியவள் அவள்தான்.

"எனக்குத் தெரியாது," என்றாள் அனோஜினி. "உண்மையாத் தெரியாது."

"பாதரிட்ட என்ன சொல்லுறது?" என்று கேட்டார் யாக்கோப்பர்.

"நன்றித் திருப்பலி நடக்கட்டும்," என்றாள் மேரிறோஸ். "எதுக்கு நன்றி எண்டு பிறகு பாப்பம்."

அவள் குசினிக்குப் போய், கத்தியால் கேக்கின் மேலிருந்த டொக்டரை மட்டும் வழித்தெடுத்தாள். அனோஜினி மிஞ்சி இருந்தாள். நாலு துண்டு வெட்டிக் கொண்டுவந்து வைத்தாள். எல்லோரும் சாப்பிட்டார்கள். யாக்கோப்பர் மட்டும், பிறகு எடுக்கிறன் என்றார்.

மறுநாள் காலை பேராசிரியர் மார்ஸ்டன் நாலாம் மாடிக்கு வந்தபோது, அவருடைய அறை வாசலில் யாக்கோப்பர் அதே கோட் சூட்டோடு நின்றார். கையில், மார்ஸ்டன் பிறகு எடுப்பதாகச் சொன்ன றோல்ஸின் மிச்சம் இருந்தது. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. கீழே வாசலில் கேட்டரிங் என்று சொல்லித்தான் உள்ளே வந்திருந்தார்.